ஒரு பேத்தி, இரண்டு பந்தம்

நடந்ததை நடந்தபடியே சொல்வேன். கூட்டிச் சொல்ல மாட்டேன். குறைத்தும் சொல்ல மாட்டேன். என் தந்தையாருக்குக் கோபம் வந்தாலும் சொல்வேன். என் தாயாருக்குக் கூச்சம் வந்தாலும் சொல்வேன். நான் எழுதி வந்திருக்கும் இந்தத் தாளில் கடைசி வரி மட்டும் காலியாக இருக்கிறது. அது இன்னும் நடக்கவில்லை. நடவாத ஒன்றை நடந்ததாக எழுதுவது பொய் அல்லவா? ஆகவே நடந்த பிறகே அதை எழுதிக்கொள்வேன். இந்த உறுதியோடு உங்கள் முன் நிற்கிறேன்.

விழாத் தலைவர் அவர்களே! வீட்டில் அப்பாவாகவும், வீதியில் ஐயாவாகவும், இந்த ஒரு மேடையில் மட்டும் என் பேச்சை இடைமறிக்க முடியாத தலைவராகவும் வீற்றிருக்கும் செல்லப்பாண்டி அவர்களே! கடல் கடந்து வந்து எங்கள் காத்திருப்பைக் கரை சேர்த்த காரியாபட்டி காசிராஜன் அவர்களே! மூக்குத்தியை இழந்தும் முறுவலை இழக்காத அவருடைய துணைவியார் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் சித்தி சின்னத்தாயம்மாள் அவர்களே!

அங்கே ஏன் முணுமுணுப்பு? சித்தி என்றுதான் சொன்னேன். வாய் தவறிச் சொல்லவில்லை. காரணம் பின்னால் வரும், பொறுத்திருங்கள்.

கரிசலைக் கிளறிப் பருத்தி விளைவிக்கும் மேலத்தெருப் பெரியோர்களே! காகிதத்துக்குள் மருந்தைக் கட்டி ஊர் ஊராக ஒளி அனுப்பும் கீழத்தெருப் பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பெருமையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! சாத்தூரிலிருந்து வந்திருக்கும் என் ஆசிரியைமார்களே, அருமைத் தோழியரே! உங்கள் அனைவருக்கும் ஓடைக்கரைப்பட்டியின் மகள், பத்தாம் வகுப்பு மாணவி பஞ்சம்மாளின் பணிவான வணக்கம்.

"சத்தமாப் பேசு தாயி, இங்கன ஒண்ணுங் கேக்கல!"

இப்போது கேட்கிறதா ஐயா? கருப்பணன் அண்ணா, ஒலிபெருக்கி என்னைவிட அதிகமாகக் கத்துகிறது. அதைக் கொஞ்சம் அடக்குங்கள். நன்றி.

பெரியோர்களே! இன்று காலையில் ஓடைக்கரையில் ஒரு கல் நட்டோம். அந்த ஒரு கல்லில் இரண்டு பெயர்கள். ஒன்று பெத்தணன். மற்றொன்று ஊர்க்காவலன். யார் இந்த இருவர்?

பெத்தணன், தலைவர் அவர்களின் உடன்பிறந்த தம்பி, என் சித்தப்பா. மேலத்தெருக்காரர். மணமாகாதவர். ஊர்க்காவலன், கீழத்தெருக்காரர். எங்கள் புஞ்சையில் கூலிக்கு ஏர் பிடித்தவர். சின்னத்தாயம்மாளின் கணவர். உலகப் போர் மூண்டு, உருண்டு, உயிர்களை உண்டுகொண்டிருந்த காலத்தில் இருவரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேரப் புறப்பட்டார்கள். ஒரே நாளில் என்றேனே தவிர, ஒன்றாக என்று சொல்லவில்லை. எங்கள் புஞ்சை ஓரத்து ஒற்றையடிப் பாதையில் ஒருவர் முன்னே நடந்தார். மற்றவர் பத்தடி பின்னே நடந்தார். பின்னே நடந்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? இந்த ஊரில் அதைச் சொல்லவும் வேண்டுமா?

போனார்கள். பர்மாவுக்குப் போனார்கள். போர் முடிந்தது. வெள்ளைக்காரன் போனான், விடுதலை வந்தது, தேர்தல் வந்தது, எங்கள் ஊருக்கு மின்விளக்கும் வந்தது. அவர்கள் மட்டும் வரவில்லை. இருவரையும் காணவில்லை என்று சர்க்கார் சொல்லிற்று. காணவில்லை! இறந்தார் என்றால் அழுது முடிக்கலாம். இருக்கிறார் என்றால் எழுந்து போய்ப் பார்க்கலாம். காணவில்லை என்று சொல்லிவிட்டால் வீட்டார் என்ன செய்வது? எந்தப் பொங்கலுக்கும் என் தந்தையார் தம்பிக்கு ஓர் இலை போடாமல் உண்டதில்லை. எந்த வெள்ளிக்கிழமையும் சின்னத்தாயம்மாள் பொட்டு வைக்காமல் தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசுக் கம்பெனிக்கோ போனதில்லை. அவர் கணவர் புறப்பட்டபோது அவர் வயிற்றில் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை பிறந்து, வளர்ந்து, மணமாகி, தானும் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டாள். அந்தக் குழந்தைதான் இதோ, மேடைப் படியில் உட்கார்ந்து என் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும் வேலுத்தாய்! எழுந்து வணக்கம் சொல்லு கண்ணு! மாட்டாளாம். சரி, செருப்பே பெரிது போலும்!

சென்ற ஆண்டு பர்மாவிலிருந்து நம்மவர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள் அல்லவா? அவர்களில் ஒருவர் காசிராஜன் அவர்கள். அங்கே அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். போர்க்காலத்தில் அவருடைய ஆலைக்கு அருகில் பாலம் கட்ட வந்த படையில் நம் ஊர்க்காரர் இருவரும் இருந்தார்கள். தமிழ் கேட்டதும் தாவி வந்தார்கள். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அவர் வீட்டுப் புளிக்குழம்புக்கு ஓடி வந்தார்கள். அந்தக் குழம்பைப் பற்றி அவருடைய துணைவியார் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்:

"ஒரே தட்டுலதான் சாப்பிடுவாக ரெண்டு பேரும். தட்டு ரெண்டு இருக்குய்யான்னு சொன்னாக் கேக்க மாட்டாக. ஊருக்குப் போனா இப்படிச் சாப்பிட முடியாது மதினி, இங்கனயே சாப்பிட்டுக்கிடுறோம்னு சொல்லிச் சிரிப்பாக."

கேட்டீர்களா? சிரித்தார்களாம்! நமக்குச் சிரிப்பு வருகிறதா?

ஒரு நாள் குண்டு விழுந்தது. புகை அடங்கிய பின் காசிராஜன் ஓடிப் பார்த்தார். ஒரே பள்ளத்தில் இருவரும் கிடந்தார்கள். யார் யாரைத் தூக்க வந்தார் என்று தெரியவில்லையாம். இவர் கை அவர் தோளில். அவர் கை இவர் இடுப்பில். அந்தக் கைகளைப் பிரிக்க மனம் வராமல், ஆலைக்குப் பின்னால் ஒரே குழியில் இருவரையும் அடக்கம் செய்தார். பிறகு படை ஒரு பக்கம் சிதறியது, ஊர் ஒரு பக்கம் சிதறியது. சொல்ல ஆளும் இல்லை, சொல்லி அனுப்ப வழியும் இல்லை.

ஆண்டுகள் உருண்டன. எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பு என்று அங்கே சொன்னபோது இவர்கள் வீட்டை விட்டார்கள், மாட்டை விட்டார்கள், மரத்தில் பழுத்த பழத்தையும் விட்டார்கள். கிளம்பும் நாளில் துணைவியார் கேட்டாராம்: "எல்லாத்தையும் விட்டாச்சு. அந்த ரெண்டு பிள்ளைகளையுமா விட்டுட்டுப் போறது?" அந்த ஒரு கேள்வி மண்ணைத் தோண்ட வைத்தது. ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் இருவரும் ஏறினார்கள். துறைமுகத்தில் சோதனை. மூக்குத்தியைக் கழற்றச் சொன்ன அதிகாரி பெட்டியையும் திறக்கச் சொன்னார். திறந்தார்கள். அவர் பார்த்தார். தலையிலிருந்த தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தம் கையாலேயே மூடியை அழுத்தி மூடினாராம். "எம் மூக்குத்தி கழண்டுச்சு, அவன் தொப்பி கழண்டுச்சு, சரியாப் போச்சு!" என்று அம்மையார் சொல்லிச் சிரிக்கிறார். இதோ, இப்போதும் சிரிக்கிறார்! கை தட்டுங்கள் தாய்மார்களே, இதற்குத் தட்டாமல் வேறு எதற்குத் தட்டப் போகிறீர்கள்?

இனிமேல்தான் தலைவர் அவர்களுக்கு இருமல் வரப் போகிறது.

இருவரையும் கொண்டு வருகிறேன் என்று காசிராஜன் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். ஊர் என்ன செய்தது? இரண்டு பேர் வருகிறார்கள் என்றால் இரண்டு பெட்டி வரும் என்று ஊர் தானாகவே முடிவு செய்தது. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மேலத்தெரு தன் மயானத்தில் ஒரு குழி வெட்டியது. கீழத்தெரு தன் மயானத்தில் ஒரு குழி வெட்டியது. மேலத்தெருவில் ஓலைப் பந்தல் மட்டும். மேளம் இல்லை, வேட்டு இல்லை. இளவயதுச் சாவுக்கு ஆரவாரம் ஆகாது என்பது தலைவரின் கட்டளை. கீழத்தெருவில் கொட்டு என்ன, குலவை என்ன, காகிதப் பூச் சுற்றிய தேர் என்ன! பேத்தி எடுத்த பெரியவருக்கு நெய்ப்பந்தம் பிடித்து, வேட்டுப் போட்டு, ஆடிப் பாடி அனுப்புவதல்லவா நம் வழக்கம்? அந்த வழக்கத்தில் ஒரு நூல்கூடக் குறையக் கூடாது என்று சின்னத்தாயம்மாள் சொல்லிவிட்டார்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், நண்பகல் பேருந்து வந்து நின்றது. காசிராஜன் இறங்கினார். துணைவியார் இறங்கினார். கையில் ஒரு பெட்டி.

என் தந்தையார் கேட்டார்: "இது யாரு?"

"ரெண்டு பேருந்தான்."

"இன்னொரு பெட்டி எங்கன?"

"இன்னொரு பெட்டி இல்லீங்க. ஒரே குழியில வச்சேன், ஒண்ணாத்தான் எடுத்தேன். எது யாரோட எலும்புன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வெட்டிய குழிகள் இரண்டும் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. கூடிய தெருக்கள் இரண்டும் வாயை மூடிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் ஒரு தகரப் பெட்டி!

முதலில் மேலத்தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று சொல்ல மாட்டேன், அவரே தலையைக் குனிந்துகொண்டு இங்கேதான் இருக்கிறார்: "ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டா என்ன?"

காசிராஜனுக்கு வந்ததே கோபம்! "அம்புட்டுத் தூரம் பிரியாம வந்தவுகளைத் தானியம் மாதிரி அளக்கப் போறீகளா? அப்படின்னா குடுங்க, நான் காரியாபட்டிக்கே கொண்டு போயிடுறேன். எங்க ஊருல எடம் இருக்கு!"

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் பேருந்தைப் பார்த்தார். அந்த வேளையில் அது கிளம்பியிருந்தால் நம் ஊரின் மானமும் அதில் ஏறிப் போயிருக்கும்.

என் தந்தையார் முன்னே வந்தார். "பெட்டியை எங்க மயானத்துக்குக் கொண்டு போவோம். ஊர்க்காவலனும் அங்கனயே கெடக்கட்டும், நான் மறுப்புச் சொல்லல. ஆனா மேளம் வேண்டாம், பந்தம் வேண்டாம், வேட்டும் வேண்டாம்" என்றார்.

அது அவருக்குப் பெரிய மனதுதான். இத்தனை காலமாக மேலத்தெரு மயானத்தில் கீழத்தெருவின் நிழல்கூட விழுந்ததில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். ஆனால் சின்னத்தாயம்மாள் அசையவில்லை.

"எடம் எங்கன வேணாலும் இருக்கட்டும் அய்யா. பந்தம் பிடிக்காம எம் புருசனை அனுப்ப மாட்டேன்."

"இருபத்தி மூணு வயசுல செத்தவனுக்கு என்னம்மா கொண்டாட்டம்?"

"செத்தப்ப இருபத்தி மூணு. வீடு வந்து சேந்தப்பத் தாத்தா. இம்புட்டு நாளு வரல வரலன்னீக, இன்னைக்கு வந்துட்டாரு. வந்த அன்னைக்கு என்ன முறையோ அந்த முறைதான் செய்யணும்."

அப்போதுதான் என் தந்தையார் உடைந்தார். எங்கள் வீட்டுச் சுவர்கூடக் கேட்டிராத குரலில் பேசினார். "உம் புருசனுக்குப் பேத்தி இருக்கா. எந்தம்பிக்கு யாரு இருக்கா? கல்யாணம் பாக்கல, காட்சி பாக்கல. ஒரு பெட்டிக்குள்ள ஒருத்தனுக்குப் பந்தம், ஒருத்தனுக்கு ஒண்ணுமில்லைன்னா அவன் அங்கனயும் தனியாத்தானே கெடப்பான்?"

பெரியோர்களே! அதுதான். அதுவேதான். மேளம் வேண்டாம் என்று அவர் மறுத்ததெல்லாம் பிடிவாதம் என்று அதுவரை நினைத்தேன். தம்பிக்காகப் பந்தம் பிடிக்க ஒரு கை இல்லையே என்ற ஏக்கம் அது!

அந்த நேரம் பார்த்து இருளாண்டித் தாத்தா ஒரு வார்த்தை விட்டார். "பஞ்சம்மாளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமக் காலாகாலத்துல கட்டிக் குடுத்திருந்தா இந்நேரம் பெத்தணனுக்கும் ஒரு பேரனோ பேத்தியோ இருந்திருக்குமே!"

சிரிக்காதீர்கள்! இருளாண்டித் தாத்தா இங்கேதான் இருக்கிறார். தாத்தா, உங்களுக்கு என் பதில் இதுதான்: நான் பள்ளிக்குப் போகாமல் இருந்திருந்தால் உங்கள் பெயரை இந்தத் தாளில் யார் எழுதியிருப்பார்கள்?

"போட்டா பாரு ஒரு போடு!"

நன்றி, நன்றி. கேளுங்கள், முடியவில்லை.

தாத்தா சொல்லி முடித்ததும் சின்னத்தாயம்மாள் குனிந்து பேத்தியைத் தூக்கினார். குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்து, என் தந்தையாரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஏன் அய்யா, எம் பேத்திக்கு ரெண்டு கை இருக்குல்ல?"

இதைவிடப் பெரிய சொற்பொழிவை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ரெண்டு கை இருக்குல்ல! ஒரு கை ஊர்க்காவலனுக்கு. ஒரு கை பெத்தணனுக்கு. ஒரே தட்டில் உண்டவர்களுக்கு ஒரே பேத்தி. ஒரே குழியில் கிடந்தவர்களுக்கு ஒரே குருத்து. எந்த மேடை ஏறினார் அவர்? எந்த ஒலிபெருக்கியைக் கேட்டார்? எட்டாம் வகுப்பா, பத்தாம் வகுப்பா, எதைப் படித்தார்? இருந்தும் எங்கள் இரண்டு தெருவுக்கும் இல்லாத ஒரு வழி அவருக்கு இருந்தது!

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவை என் தாயார் வீரலட்சுமி அம்மையாரின் கால்கள்தாம். அவர் வீட்டுக்குள் போனார். நெய்ச்சட்டியோடு வெளியே வந்தார். நேராகக் கீழத்தெருவுக்குள் நடந்தார். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர் அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. பந்தத் துணியை நெய்யில் தோய்த்துக்கொண்டே, "ரெண்டு பந்தத்துக்கு இது போதுமா சின்னத்தாயி, இன்னும் உருக்கவா?" என்று கேட்டார். அம்மா, முகத்தை மூடாதீர்கள். உண்மையைச் சொல்வேன் என்று முதலிலேயே சொன்னேன்.

அதன் பிறகு தலைவர் அவர்கள் மண்வெட்டி கேட்டார். இரண்டு மயானமும் வேண்டாம், இருவரும் நடந்து போன அந்த ஒற்றையடிப் பாதை ஓரத்தில், ஓடைக்கரையை ஒட்டிய எங்கள் புஞ்சையில், மூன்றாவதாக ஒரு குழி என்றார். முதல் வெட்டு அவர் வெட்டினார். இரண்டாம் வெட்டைச் சின்னத்தாயம்மாளின் மருமகன் வெட்டினார். அன்று பத்தடி இடைவெளி விட்டு இரண்டு பேர் நடந்த பாதையில், இப்போது ஓர் அங்குலம் இடைவெளி இல்லாமல் இரண்டு தெரு நின்றது!

ஊர்வலம் புறப்பட்டது. அந்தப் பெரிய பூத்தேரின் நடுவில் சின்னஞ்சிறு பெட்டி. முன்னால் வேலுத்தாய், இரண்டு கையிலும் பந்தத்தோடு. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பட்டாசு வேலை செய்பவர்கள் தீயைக் கண்டால் தம்மை அறியாமல் பின்னே போவார்கள். உயிர் பிழைக்கக் கற்ற பழக்கம் அது. நான்கு வயதுக் குழந்தை இரண்டு தீயோடு திரும்பியதுதான் தாமதம், கீழத்தெரு முழுவதும் ஒருமுறை பின்வாங்கியது! "ஏ வேலு, அந்தப் பக்கம் திரும்பு! அந்தப் பக்கம் திரும்பு!" என்று ஒரே கூச்சல். குழந்தையின் அருகில் ஆளே இல்லை. இடக்கைப் பந்தம் சாயத் தொடங்கியது. ஓடிப் போய் அந்த மணிக்கட்டைப் பிடித்தவர் யார் தெரியுமா?

"சொல்லு தாயி!"

தலைவர் செல்லப்பாண்டி அவர்கள்! பிடித்த கையை மண் மூடும்வரை விடவில்லை.

குழந்தை கேட்டாள்: "எந்தக் கை எந்தத் தாத்தாவுக்கு?" சின்னத்தாயம்மாள் சொன்னார்: "வலிச்சா மாத்திப் பிடிச்சுக்க. அவுக ரெண்டு பேரும் கணக்குப் பாக்க மாட்டாக."

அடக்கம் முடிந்ததும் யாரோ ஒருவர் சின்னத்தாயம்மாளின் பொட்டைப் பற்றிப் பேச்செடுத்தார். பொட்டைத் தொட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "இன்னைக்குக் காலையில எம் பேத்தி வச்சுவிட்டது. அழிக்கணும்னா அவகிட்டக் கேளுங்க." வேலுத்தாயிடம் கேட்கும் துணிச்சல் எவருக்கும் இல்லை. பொட்டு இன்றும் இருக்கிறது, திரும்பிப் பாருங்கள்!

முதலில் வெட்டிய இரண்டு குழிகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். வெட்டிய குழியை வெறுமையாக மூடக்கூடாது என்றார்கள். ஆளுக்கொரு பூசணிக்காய் வைத்து மூடினார்கள். மழை பெய்தது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். இரண்டு மயானத்திலும் கொடி ஓடிப் பூத்திருக்கிறது. காய்த்தால் பறித்துச் சமைப்பார்களா என்று கேட்டேன். மேலத்தெருக்காரர்கள் கீழத்தெருவைக் கேள் என்றார்கள். கீழத்தெருக்காரர்கள் மேலத்தெருவைக் கேள் என்றார்கள். இனி அந்தக் காய்க்காகவாவது இரு தெருவும் பேசித்தானே ஆக வேண்டும்!

இப்போது அந்தச் சித்திக்கு வருகிறேன். இந்தப் பேச்சை எழுதும்போது அம்மாவிடம் கேட்டேன், சின்னத்தாயம்மாளை என்ன சொல்லி விளிப்பது என்று. அம்மா சோற்றை வடித்துக்கொண்டே சொன்னார்: "உஞ் சித்தப்பாகூட ஒரே குழியில கெடந்தவரு உனக்கு யாரு? சித்தப்பாதானே? அப்ப அவரு பொண்டாட்டி சித்திதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?" நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன். நீங்களும் நிறுத்திவிடுங்கள்.

ஒன்றே ஒன்று பாக்கி. ஒரு வருத்தம். அன்று அது மட்டும் நிறைவேறவில்லை.

சித்தியோடு கம்பெனியில் வேலை பார்க்கும் ராக்காயி அக்கா வேட்டோடு நிற்கவில்லை. வண்ண வண்ணப் பூவாணமும் வேண்டும் என்றார். வடநாட்டுக் கல்யாண சீசனுக்கு ஆர்டர் வந்து, லோடு லோடாகப் போகும் ரகம் அது. அவர்களே மருந்து அடைத்தது, அவர்களே தாள் ஒட்டியது. ஆனால் எரிந்து பார்த்ததில்லை. கேட்டு வாங்கி வந்து, குழிக்கருகில் வரிசையாக வைத்துப் பற்ற வைத்தார்கள். கொளுத்தும் வெயில்! பச்சையும் தெரியவில்லை, சிவப்பும் தெரியவில்லை. புகை மட்டும் போயிற்று. ராக்காயி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "பகல்லயே செஞ்சு பகல்லயே வீட்டுக்குப் போறவளுக்கு, ராத்திரிதான் நெறம் தெரியும்னு நெனப்பே வரலயே சின்னத்தாயி! ரெண்டு பேரையும் புகையா அனுப்பிட்டேனே!"

சித்தி மிச்சத்தை எடுத்துக் கட்டச் சொன்னார். "விடு புள்ள. கல்லு நடுற அன்னைக்கு இருட்டுன பெறகு போடுவோம். அம்புட்டுக் காலம் காத்திருந்தவுக இன்னுங் கொஞ்ச நாளு காத்திருக்க மாட்டாகளா?"

அன்பார்ந்த பெருமக்களே! அந்த நாள் இன்றுதான். அந்தப் பூவாணங்கள் இதோ ஓடைக்கரையில், கல்லுக்கு இரு புறமும் வரிசையாக நிற்கின்றன. ராக்காயி அக்கா அங்கே நிற்கிறார். வாளித் தண்ணீரும் மண்ணும் வைத்திருக்கிறார், அஞ்ச வேண்டாம். கீழத்தெருத் தாய்மார்களே! உங்கள் விரல்கள் எந்தெந்த ஊரின் இரவுக்கோ வண்ணம் கொடுத்தன. எந்தெந்த மாப்பிள்ளைகளோ அதில் ஊர்வலம் போனார்கள். இன்று உங்கள் கைவண்ணத்தை உங்கள் கண்கள் காணட்டும்! மேலத்தெருத் தாய்மார்களே! மணக்கோலம் காணாத மகன் ஒருவன் உங்கள் தெருவிலிருந்து போனான். இன்று கல்யாணத்துக்குச் செய்த வெளிச்சம் அவனுக்காக எழட்டும்! காணவில்லை, காணவில்லை என்று எத்தனை முறை சொன்னோம்? இனி அந்தச் சொல் நமக்கு வேண்டாம். கண்டோம்! பெத்தணனைக் கண்டோம். ஊர்க்காவலனைக் கண்டோம். ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் நுழையும் வழியைக் கண்டோம். வந்து சேர்ந்துவிட்டார்கள், எங்கள் சித்தப்பாமார் இருவரும் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள்!

கொண்டுவந்து சேர்த்த காசிராஜன் குடும்பத்துக்கு நன்றி. நெய் உருக்கிய தாய்க்கு நன்றி. கையைப் பிடித்த தந்தைக்கு நன்றி. இருமாமல் கேட்டதற்கு இன்னொரு நன்றி. செருப்பைத் திருப்பித் தந்தால் வேலுத்தாய்க்கும் நன்றி. இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லாருக்கும் இரு கை கூப்பி, ஒன்று பெத்தணன் பெயரால், ஒன்று ஊர்க்காவலன் பெயரால், வணங்கி விடைபெறுகிறேன்.

சித்தி, நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் ஆகும்.

"ஏப்பா கருப்பணா! லைட்டை அமத்து! எம் புருசனும் அவரு சேக்காளியும் போறதைக் கண்ணாரப் பாக்கணும்!"

விளக்குகள் அணைக்கப்பட்டன.